போங்கு ஆட்டமும் நன்னடத்தைத் தாளும்: சிறுவர் கால்பந்து பற்றிச் சில குறிப்புகள்

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் ஆட்டம் ஒன்றில் ரெஃப்ரியைப் பார்த்துக் கத்தினேன். வாடகை டர்ஃப். சுற்றிலும் வலை, வலைக்கு வெளியே பெற்றோர்கள். என் மகள் எதிரணிப் பையன் ஒருவனோடு மோதி விழுந்தாள். விசில் வரவில்லை. "ஹலோ ரெஃப், கண்ணு தெரியலையா?" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். பக்கத்தில் நின்ற அப்பாக்கள் சிரித்தார்கள். ஒருவர் கூடவே சேர்ந்து கத்தினார்.

ரெஃப்ரிக்கு வயது பதினாறு இருக்கும். போன வருடம் வரை அதே பயிற்சி முகாமில் ஆடிக்கொண்டிருந்த பையன். ஒரு காலைக்கு ஏதோ சில நூறு ரூபாய் கொடுக்கிறார்கள் என்று வருகிறவன். நான் கத்திய பிறகு ஒரு மாற்றம் தெரிந்தது. விசிலை வாயில் வைக்கும் முன் அவன் பந்தைப் பார்க்கவில்லை, எங்கள் பக்கம் பார்த்தான். அடுத்த வாரம் அவன் வரவில்லை. "எக்ஸாம்னு சொன்னான் சார்" என்றார் கோச்.

அதற்கு இரண்டு நாள் கழித்து அதே கோச்சிடமிருந்து செய்தி: "சார், பேரன்ட்ஸ், பசங்க எல்லாருக்கும் ஒரு நடத்தை விதி மாதிரி ஒண்ணு போடலாம்னு இருக்கோம். நீங்கதான் எழுதுறவர், ஒரு பக்கம் எழுதிக் குடுங்களேன்." நான் கத்தியதைத் தெரிந்தே கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எப்படியோ, குற்றவாளியிடமே சட்டம் எழுதும் வேலை வந்து சேர்ந்தது.

ஒரு பக்கம் எழுத நாலு வாரம் ஆனது. எழுத உட்கார்ந்தவன் படிக்கப் போய்விட்டேன். சிறுவர் கால்பந்தில் நல்ல நடத்தையைக் கொண்டுவர உலகில் என்னென்ன செய்து பார்த்திருக்கிறார்கள், எது எதனால் ஓடியது, எது ஓடவில்லை என்பதுதான் இந்தக் குறிப்பு. படித்ததில் பெரும்பாலானவற்றோடு எனக்குச் சண்டை உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

1. உறுதிமொழித் தாள்கள்

முதலில் கையில் எடுத்தது இங்கிலாந்துக் கால்பந்து சங்கம் 2008இல் தொடங்கிய 'ரெஸ்பெக்ட்' திட்டம். சமூக அளவு ஆட்டங்களில் நடுவர்கள் மேல் நடக்கும் வசையும் மிரட்டலும் தாங்காமல்தான் அது வந்தது. நாலு படிகள்: வீரர், பெற்றோர், பயிற்சியாளர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனி நடத்தைத் தாள், பார்வையாளர்கள் கோட்டுக்குப் பக்கத்தில் வராமல் தள்ளி நிற்க ஒரு கயிறு, நடுவரிடம் பேசும் பொறுப்பு கேப்டனுக்கு, ஆட்டத்தைக் கட்டுக்குள் வைப்பது நடுவர் வேலை.

இதில் சிறுவர்களுக்கான தாளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நேர்மையாக ஆடுவேன், ஏமாற்ற மாட்டேன், நேரம் கடத்த மாட்டேன், நடுவர் சொல்கிறபடி விதிகளைப் பின்பற்றுவேன், முடிந்ததும் கை குலுக்குவேன், கோச் சொல்வதைக் கேட்பேன். தப்பு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனால் வினைச்சொற்களை மட்டும் பிரித்து எடுத்துப் பாருங்கள். மதிப்பேன், கேட்பேன், பின்பற்றுவேன், மாட்டேன், மாட்டேன். குழந்தை தானாக ஒன்றைத் தீர்மானிக்கும் வினை அநேகமாக இல்லை. எனக்கு அதில் பிடித்த வரி கடைசியில் இருக்கிறது: மனசுக்குக் கஷ்டமாக இருந்தால் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்வேன் என்பது. குழந்தைக்கு வாய் உண்டு என்று ஒப்புக்கொள்ளும் ஒரே வரி அதுதான்.

கயிறு நல்ல யோசனை. கத்துகிற வாய்க்கும் பதினாறு வயது நடுவருக்கும் நடுவில் இரண்டு மீட்டர் இடைவெளி வைப்பது, பத்து உறுதிமொழிகளை விட மேல் என்பேன். என்றாலும் 15 வருடம் கழித்து, 2023இல், பிபிசி வானொலி இங்கிலாந்தின் சமூக அளவு நடுவர்களிடம் கேட்ட கேள்விகளுக்கு 927 பேர் பதில் அனுப்பினார்கள். அதில் 293 பேர் தங்கள் மேல் கை வைக்கப்பட்டதாகச் சொன்னார்கள். இப்படிப்பட்ட கேள்விக்குப் பாதிக்கப்பட்டவர்களே அதிகம் பதில் போடுவார்கள் என்பது உண்மை. இந்த எண்ணை அப்படியே எல்லா நடுவர்களுக்கும் நீட்டிவிட முடியாது. ஆனாலும் 293 தனித்தனி மனிதர்கள். அந்த வருடமே சில பகுதிகளில் நடுவர்கள் மார்பில் கேமரா மாட்டிக்கொண்டு இறங்கும் சோதனை தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் போலீஸ்காரர் மாதிரி கேமராவோடு போக வேண்டியிருக்கிறது என்றால், உறுதிமொழித் தாள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

2. 'நல்ல மனுஷன்' என்கிற தப்புக் கணக்கு

இந்தத் தாள்களுக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நன்னடத்தை என்பது ஒருவரின் குணம், அதைச் சின்ன வயதிலேயே ஊட்டிவிட்டால் போதும் என்கிற நம்பிக்கை. இதை உடைக்க எனக்கு ஒரே ஆள் போதும்: பாவ்லோ டி கானியோ.

1998 செப்டம்பரில், ஷெஃபீல்ட் வென்ஸ்டே அணிக்காக ஆடியபோது சிவப்பு அட்டை காட்டிய நடுவரைப் பிடித்துத் தள்ளிவிட்டார். நடுவர் தடுமாறித் தரையில் விழுந்தார். 11 ஆட்டத் தடை. 2000 டிசம்பரில், வெஸ்ட் ஹாம் அணிக்காக எவர்ட்டன் மைதானத்தில் ஆடுகிறார். 1-1. ஆட்டம் முடியும் நேரம். எதிரணி கோல்கீப்பர் அடிபட்டு விழுந்து கிடக்கிறார். பந்து டி கானியோவை நோக்கிப் பறந்து வருகிறது, கோல் வாய் காலி. அவர் பந்தைக் கையால் பிடித்து ஆட்டத்தை நிறுத்தினார். எதிரணி ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஃபிஃபா ஃபேர் ப்ளே விருதும் வந்தது.

இரண்டும் ஒரே ஆள். நடுவில் இரண்டே வருடம். அவர் கெட்டவரா, நல்லவரா என்று கேட்டால் பதில் கிடைக்காது. ஒரு நொடியில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஒரு முறை அப்படி எடுத்தார், இன்னொரு முறை இப்படி. நன்னடத்தை அந்த நொடியில்தான் இருக்கிறது. அந்த நொடி குழந்தைகளுக்குக் கிடைக்கிறதா என்பதே என் கேள்வி.

இதற்கு நேர் மாறான ஒரு புகழ்பெற்ற சம்பவம் 2019 ஏப்ரலில் நடந்தது. லீட்ஸ், ஆஸ்டன் வில்லா அணிகளின் ஆட்டம். வில்லா வீரர் ஒருவர் அடிபட்டுக் கிடக்க, லீட்ஸ் ஆட்டத்தை நிறுத்தாமல் போய் கோல் போட்டுவிட்டது. மைதானத்தில் கைகலப்பு. லீட்ஸ் மேலாளர் மார்செலோ பியெல்சா, எதிரணி ஒரு கோல் போட்டுக்கொள்ள வழிவிடுங்கள் என்று தன் வீரர்களிடம் சொன்னார். மற்றவர்கள் ஒதுங்கி நின்றார்கள். பொன்டுஸ் யான்சன் மட்டும் மறித்துப் பார்த்தார். ஆட்டம் 1-1. பியெல்சாவுக்கும் அணிக்கும் ஃபிஃபா விருது.

பெரிய மனசு, சந்தேகமே இல்லை. ஆனால் இதைச் சிறுவர் முகாமில் பாடமாகக் காட்டும்போது எனக்கு ஒரு நெருடல். அங்கே முடிவெடுத்தது கோட்டுக்கு வெளியே நின்ற பெரியவர். உள்ளே இருந்தவர்கள் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தார்கள், ஒருவர் கீழ்ப்படியவில்லை. இதிலிருந்து குழந்தை கற்றுக்கொள்வது நேர்மையா, இல்லை 'கோச் சொன்னா கேட்கணும்' என்பதா? உறுதிமொழித் தாளில் இருந்த அதே பாடம்தான், மேடை மட்டும் பெரிசு.

3. நடத்தைக்கு மதிப்பெண்

அடுத்த யோசனை, நடத்தையை எண்ணுவது. அட்டைகளைக் கூட்டிக் கழித்து, குறைவாக வாங்கிய அணிக்குக் கோப்பை, புள்ளி, சான்றிதழ். பல சிறுவர் போட்டிகளில் 'ஃபேர் ப்ளே கோப்பை' என்று ஒன்று கடைசியில் கொடுப்பார்கள். எல்லா ஆட்டத்திலும் தோற்ற அணிக்கு ஆறுதலாகத்தான் அது பெரும்பாலும் போகும் என்பது மைதானத்தில் நின்ற எல்லாருக்கும் தெரியும். குழந்தைகளுக்கும் தெரியும்.

இந்த எண்ணிக்கை உலகக் கோப்பையிலேயே ஒரு தடவை சோதனைக்கு வந்தது. 2018, ஜூன் 28. ஜப்பானும் செனகலும் ஒரே பிரிவில் கடைசி ஆட்டம் ஆடுகின்றன, வேறு வேறு நகரங்களில். ஜப்பான் போலந்திடம் 0-1 பின்தங்கியிருக்கிறது. செனகல் கொலம்பியாவிடம் 0-1. இப்படியே முடிந்தால் ஜப்பானுக்கும் செனகலுக்கும் புள்ளி சமம், போட்ட கோல் சமம், வாங்கிய கோல் சமம், தங்களுக்குள் ஆடியதும் 2-2 சமம். மிச்சம் இருப்பது ஃபேர் ப்ளே கணக்கு மட்டும். ஜப்பானுக்கு 4 மஞ்சள் அட்டை, செனகலுக்கு 6.

ஜப்பான் என்ன செய்தது? கடைசிப் பத்து நிமிடம் வாக்கில் தன் பாதியிலேயே பந்தை உருட்டிக்கொண்டு நின்றது. முன்னே போனால் இன்னொரு கோல் வாங்கலாம், அவசரத்தில் அட்டை வாங்கலாம். வோல்கோகிராட் மைதானம் முழுக்கக் கூச்சல் போட்டுத் திட்டியது. ஜப்பான் அடுத்த சுற்றுக்குப் போனது. உலகக் கோப்பையில் நன்னடத்தைக் கணக்கில் ஒரு அணி வென்று இன்னொன்று வெளியேறியது அதுவே முதல் தடவை. அந்த வெற்றி கிடைத்ததோ, பார்த்தவர்கள் முகம் சுளித்த ஒரு ஆட்டத்தால்.

ஜப்பானை நான் குறை சொல்லவில்லை. விதி எதை எண்ணுகிறதோ அதைச் சேர்ப்பார்கள். அட்டை வாங்காமல் இருப்பதை எண்ணினால் அட்டை வாங்காமல் இருப்பார்கள். அதற்குள் நேர்மை இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பரீட்சைக்குப் படிக்கிற நம் பிள்ளைகளைப் பார்த்த நமக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

4. தண்டனை, அது எட்டாத இடம்

தண்டனை பயன் தராது என்று சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் 2017இலிருந்து 31 லீக்குகளில் ஒரு சோதனை நடந்தது. நடுவரோடு வாக்குவாதம் செய்யும் வீரர் 10 நிமிடம் வெளியே போய் நிற்க வேண்டும். அதுவரை அணி ஒரு ஆள் குறைவாக ஆடும். வாக்குவாதம் மொத்தத்தில் 38 சதவீதம் குறைந்ததாகச் சங்கம் சொன்னது. 2019-20 பருவத்திலிருந்து சமூகக் கால்பந்து முழுவதற்கும் நீட்டினார்கள்.

ஏன் இது வேலை செய்தது என்பது எளிது. மஞ்சள் அட்டைக்கான அபராதம் பின்னால் எப்போதோ வரும், யாரோ கட்டுவார்கள். பத்து நிமிடம் வெளியே நிற்பதன் விலையைக் கூட ஆடுகிறவர்கள் அங்கேயே, அப்போதே கட்டுகிறார்கள். வெளியே போகிறவனை முறைப்பது நடுவர் இல்லை, அவன் சொந்த அணி.

ஆனால் இந்தத் தண்டனை கோட்டுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும். என்னை யார் பத்து நிமிடம் வெளியே நிறுத்துவது? நான் ஏற்கனவே வெளியேதான் நிற்கிறேன்.

இதை வெறும் கிண்டலாகச் சொல்லவில்லை. 2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேரே நகரில் ஒரு சிறுவர் ஆட்டம். தன் மகன் ஆடும் அணிக்காகத் தன்னார்வமாகக் கொடி பிடித்து லைனில் நின்ற ஒரு அப்பாவை, ஆட்டம் முடிந்ததும் எதிரணியினர் அடித்து உதைத்தார்கள். மறுநாள் அவர் இறந்துபோனார். அந்த வார இறுதியில் நாட்டின் அமெச்சூர் ஆட்டங்கள் எல்லாமே நிறுத்தப்பட்டன. மறு வருடம் நீதிமன்றம் ஆறு பதின்வயதுப் பையன்களைக் குற்றவாளிகள் என்றது. ஏழாவது ஆள் ஒருவரும் இருந்தார்: அந்தப் பையன்களில் ஒருவனுடைய அப்பா.

அந்த ஏழாவது ஆளைப் பற்றிப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. நான் கத்தியது ஒரு வரிதான். ஆனால் ஒருவர் கூடச் சேர்ந்து கத்தினார் இல்லையா? அந்த 'கூடச் சேர்வது' எங்கே போய் நிற்கும் என்று யாரும் முன்கூட்டி அளந்து வைப்பதில்லை.

5. போங்கு

மறுநாள் காலை மகளிடம் கேட்டேன். "அன்னிக்கு விழுந்தியே, ரொம்ப அடிபட்டுச்சா? அந்தப் பையன் தள்ளினானா?"

அவள் ஷூ லேஸ் கட்டிக்கொண்டே சொன்னாள்: "அது ஃபவுலே இல்லப்பா. நான்தான் அவன் கால்ல கால வெச்சேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலியே."

நாலு வாரம் படித்ததெல்லாம் ஒரு பக்கம், இந்த ஒரு வரி ஒரு பக்கம். அந்த மைதானத்தில் உண்மை தெரிந்த ஆட்கள் இரண்டே பேர், அவளும் அந்தப் பையனும். ரெஃப்ரி ஊகித்தார், நான் கத்தினேன், கோச் கையை விரித்தார். தெரிந்த இரண்டு பேரையும் யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதைத்தான் ஒழுங்கான ஆட்டம் என்று வைத்திருக்கிறோம்.

நான் சின்ன வயதில் தெருவில் ஆடியபோது ரெஃப்ரி கிடையாது. அங்கே இருந்தது ஒரு சொல்: போங்கு. சில பேர் அழுகுணி ஆட்டம் என்பார்கள், சில ஊரில் கள்ளாட்டம். 'ஸ்போர்ட்ஸ்மன்ஷிப்' என்பதற்கு விளையாட்டு மனப்பான்மை என்று ஒரு மொழிபெயர்ப்புச் சொல் பள்ளி ஆண்டுவிழா மேடையில் புழங்குகிறது. எந்தப் பையனும் இன்னொரு பையனிடம் 'உனக்கு விளையாட்டு மனப்பான்மை இல்லை' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'போங்கு அடிக்காதடா' என்பான். அந்தச் சொல்லைக் குழந்தைகள் தங்களுக்குள் பேசிப் பேசி வைத்துக்கொண்டார்கள். யாரும் உறுதிமொழி வாசித்துக் கொடுக்கவில்லை.

போங்கு அடித்தவனுக்குத் தண்டனை என்ன? நாளைக்குச் சேர்த்துக்க மாட்டார்கள். அவ்வளவுதான். ஆனால் அது பெரிய தண்டனை. ஏனென்றால் நாளைக்கும் ஆட்டம் வேண்டும் என்றால் எதிரணியும் வர வேண்டும். அவர்கள் கோபித்துக்கொண்டு போய்விட்டால் ஜெயித்தவனுக்கும் ஆட்டமில்லை. பாதி நேரம் சண்டையில் போகும், 'சரி விடு, மறுபடி ஆடலாம்' என்று யாராவது சொல்வார்கள், ஆட்டம் நடக்கும்.

தெருவைத் தங்கமாக்கிக் காட்டுவது என் நோக்கமில்லை. பலசாலிப் பையன் சொன்னதே பல நாள் சட்டம். பெண் பிள்ளைகளுக்கு அங்கே இடமே இல்லை. என் மகளுக்கு நான் ஆடிய தெருவை விட இந்த டர்ஃப் ஆயிரம் மடங்கு மேல். ஆனால் ஒன்றை இழந்திருக்கிறோம். இப்போது எதிரணி நாளைக்கு வருமா என்ற கவலை யாருக்கும் இல்லை. அட்டவணையை பெரியவர்கள் போட்டுவிட்டார்கள், கட்டணம் கட்டியாகிவிட்டது, எப்படி ஆடினாலும் அடுத்த சனிக்கிழமை ஆட்டம் உண்டு. எதிரணியின் சம்மதம் தேவையில்லாத ஆட்டத்தில் எதிரணிக்கு மரியாதை கொடு என்று தாள் ஒட்ட வேண்டியிருக்கிறது.

ஜான் பியாஜே குழந்தைகளின் ஒழுக்கத் தீர்ப்பைப் பற்றி 1932இல் வெளியிட்ட நூலில் சுவிட்சர்லாந்துப் பையன்கள் கோலி ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்து எழுதியிருக்கிறார். சின்னக் குழந்தைகள் விதி என்பது பெரியவர்கள் தந்த மாற்ற முடியாத ஒன்று என்று நம்புகிறார்கள், ஆனால் ஆடும்போது இஷ்டத்துக்கு ஆடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு வயதில், விதி என்பது நாம் பேசி வைத்துக்கொண்டது, எல்லாரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்று புரிகிறது. அப்போதுதான் அதை ஒழுங்காகப் பின்பற்றவும் தொடங்குகிறார்கள். அதாவது, விதி தன்னுடையது என்று தோன்றும் வயதில்தான் விதிக்கு மரியாதை வருகிறது. சரியாக அந்த வயதில்தான் நாம் விசிலோடு ஒருவரையும் வலைக்கு வெளியே முப்பது பேரையும் கொண்டுவந்து நிறுத்துகிறோம்.

6. மூன்று பகுதி ஆட்டம்

தெருவில் இருந்த அந்த ஒன்றை ஒழுங்கான ஆட்டத்துக்குள் கொண்டுவர முடியுமா? முயன்றிருக்கிறார்கள். அது தொடங்கிய இடம் கொலம்பியாவின் மெடலின் நகரம். 1994 உலகக் கோப்பையில் தன் கோலிலேயே பந்தைத் தட்டிவிட்ட ஆந்த்ரேஸ் எஸ்கோபார், ஊர் திரும்பிய பிறகு ஜூலை 2ஆம் தேதி அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அந்த நகரில் இருந்த ஜெர்மானியர் யூர்கன் கிரீஸ்பெக், அதற்குப் பிறகு வன்முறை மிகுந்த பகுதி இளைஞர்களை வைத்து ஓர் ஆட்ட முறையை உருவாக்குவதில் இறங்கினார். இன்று 'ஃபுட்பால் 3' என்ற பெயரில் பல நாடுகளில் ஆடுகிறார்கள்.

ரெஃப்ரி கிடையாது. ஆணும் பெண்ணும் கலந்த அணிகள். மெடலினில் முதல் கோலை ஒரு பெண் போட வேண்டும் என்ற விதியும் இருந்தது. ஆட்டத்துக்கு மூன்று பகுதி. முதலில் இரு அணியும் உட்கார்ந்து இன்றைக்கு என்ன விதி என்று பேசி முடிவெடுப்பார்கள். பிறகு ஆட்டம், ஃபவுலை ஆடுகிறவர்களே சொல்லிக்கொள்ள வேண்டும். கடைசியில் மறுபடி உட்கார்ந்து, பேசிய விதிப்படி நடந்தோமா என்று பார்த்து, எதிரணிக்கு நன்னடத்தைப் புள்ளி கொடுப்பார்கள். ஆட்டப் புள்ளியோடு அதையும் கூட்டித்தான் வெற்றி. ஒரு நடுநிலை ஆள் இருப்பார். அவர் தீர்ப்பு சொல்ல மாட்டார், பேச வைப்பார்.

மேலே மதிப்பெண்ணைத் திட்டிவிட்டு இதைப் புகழலாமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். ஓட்டை இருக்கிறது. இரண்டு அணியும் கண்ணடித்துக்கொண்டு 'உனக்கு முழுசு, எனக்கு முழுசு' என்று முடித்துவிடலாம். நல்லாப் பேசுகிற பையன் புள்ளியைப் பேசியே வாங்கிவிடலாம். பேச வைக்கத் தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டம். டர்ஃப் வாடகை மணிக்கணக்கு. 'பேசறதுக்கா காசு கட்டினோம்?' என்று பெற்றோர் கேட்பார்கள்.

இத்தனை இருந்தும் வோல்கோகிராடுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே கணக்குப் போட்டது அட்டை எண்ணும் தாள். இங்கே புள்ளி கொடுப்பது எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆள். பத்து நிமிடம் பந்தை உருட்டி நேரம் கடத்திவிட்டு, அந்த ஆளின் முகத்தைப் பார்த்து எனக்குப் புள்ளி கொடு என்று கேட்க வேண்டும். அது சுலபமில்லை. 'யாரும் கேக்கலியே' என்ற என் மகளிடம், கேட்பதற்கு அங்கே ஆள் இருந்திருக்கும்.

இதோடு நார்வேயையும் சொல்ல வேண்டும். அந்த நாட்டு விளையாட்டு அமைப்பு 1987இலிருந்தே குழந்தைகள் விளையாட்டுக்கென்று தனி விதிகள் வைத்திருக்கிறது. பதினொரு வயதாகும் ஆண்டு வரை தரவரிசைப் பட்டியல் கிடையாது. அந்தச் சின்ன வயதில் பரிசு கொடுத்தால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். 'போட்டியே இல்லாட்டி பசங்க சோம்பேறி ஆயிடுவாங்க' என்று நம் பக்கம் சொல்வார்கள். ஆனால் ஆடும் குழந்தைக்கு ஸ்கோர் எப்பவும் தெரியும். அதை யாராலும் மறைக்க முடியாது. பட்டியல் தேவைப்படுவது வலைக்கு வெளியே நிற்கிற எங்களுக்கு. பட்டியலை எடுத்துவிட்டால் நாங்கள் கத்துவதற்கான காரணத்தில் பாதி போய்விடும்.

7. கடைசியில் எழுதியது

கோச்சுக்கு ஒரு பக்கம் கேட்டதற்கு அரைப் பக்கம் கொடுத்தேன். மூன்றே விஷயம்.

ஒன்று, ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் இருபது நிமிடம் ரெஃப்ரி இல்லாமல் ஆட்டம். ஃபவுலைப் பிள்ளைகளே சொல்லட்டும். ஒத்துப்போகவில்லை என்றால் பந்தை நடுவில் போட்டு மறுபடி ஆடட்டும். இரண்டு, வலைக்கு வெளியே இருந்து ரெஃப்ரியைப் பார்த்துக் கத்துகிற பெற்றோர் அடுத்த வாரம் பத்து நிமிடம் விசில் பிடிக்க வேண்டும். மூன்று, பட்டியலைச் சுவரில் ஒட்ட வேண்டாம், குரூப்பில் போட வேண்டாம்.

முதல் இரண்டுக்கும் கோச் சரி என்றார். மூன்றாவதுக்கு "கஷ்டம் சார், பட்டியல் இல்லன்னா பேரன்ட்ஸ் வேற முகாமுக்குப் போயிடுவாங்க" என்றார். அவர் பிழைப்பு அவருக்கு. வற்புறுத்தவில்லை.

இரண்டாவது விதிப்படி முதலில் விசில் பிடித்தது நான்தான். பத்து நிமிடத்தில் ஒரு ஹேண்ட்பாலைக் கோட்டைவிட்டேன், பந்து வெளியே போனதை இரண்டு தடவை தப்பாகக் கொடுத்தேன். பக்கவாட்டிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது, யார் என்று திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. பந்தைப் பார்க்காமல் பெற்றோர் பக்கம் பார்ப்பது எப்படி வருகிறது என்று அப்போது தெரிந்தது.

அந்தப் பதினாறு வயதுப் பையனை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க அங்கிள்" என்றான், கொஞ்சம் கூச்சத்தோடு. பிறகு, "அது ஃபவுல்தானா அங்கிள்?" என்று கேட்டான். இல்லை, நீ சொன்னதுதான் சரி என்றேன். அந்த ஒன்றில்தான் முகம் தெளிந்தது. திரும்பி வருவதாகச் சொல்லவில்லை. இதுவரை வரவும் இல்லை.

ரெஃப்ரி இல்லாத இருபது நிமிடம் மூன்று வாரமாக நடக்கிறது. முதல் வாரம் பாதி நேரம் சண்டை. ஒருவன் அழுதான். கோச் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல முடியாது. இரண்டாவது வாரம் சண்டை இருந்தது, சீக்கிரம் முடிந்தது. மூன்று வாரத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, அப்படி ஒரு முடிவுக்கு நான் வரவும் இல்லை.

போன சனிக்கிழமை மட்டும் ஒன்று நடந்தது. பந்து ஒரு பையன் பக்கம் வந்தது. அவன் திரும்பி, கோல் பக்கம் போகாமல் நின்றுவிட்டுக் கையைத் தூக்கினான். "என் கைல பட்டுச்சு" என்றான். எங்கள் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. எதிரணிப் பெண் பந்தை எடுத்து வைத்து உதைத்தாள், ஆட்டம் போனது.

வலைக்கு வெளியே, எனக்குப் பக்கத்தில் நின்ற அவன் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு கத்தினார்: "டேய், யாருமே பாக்கலடா! ஏன்டா சொன்ன?"

பையன் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தான்.